சுற்றுலா வானுக்கு எந்தத் தூசுறிஞ்சி?

புலம்பெயர்ந்த உறவினர்கள் காருக்குப் பின்னால் கரவன் பூட்டி விடுமுறைக்குப் போகிறார்கள். கண்டியில் அந்த வேலையைச் செய்வது வாடகை வான். பத்துப் பன்னிரண்டு பேர், பொதிகள், சோற்றுப் பார்சல், வளைவுகளில் வாந்தி வருவோருக்கான பை எல்லாம் அதற்குள்தான். இரவில் சாரதியின் படுக்கையும் அதுவேயாகிவிடுவதுண்டு. ஆகவே இங்கே ‘வக்கூம் கிளீனர்’ ஆடம்பரப் பொருள் அன்று. அடுத்த ஓட்டம் கிடைப்பது, ஏறுபவரின் மூக்கைப் பொறுத்தது.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் பழைய வான்களே ஓடின. அவற்றின் கம்பளங்களில் பல ஆண்டுத் தூசு படிந்திருக்கிறது.

கடையில் முதலில் கண்ணில் படுவது, சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகும் 12 வோல்ட் கைக்கருவி. அத்துளையின் உருகி பெரும்பாலும் 10 அல்லது 15 அம்பியர். பெருக்கிப் பாருங்கள், 180 வாட்டைத் தாண்டாது. பிஸ்கட் துகளை அது எடுக்கும். ஹந்தானை மலையேறி வந்தவர்களின் சப்பாத்துச் சேற்றை எடுக்காது.

மறுமுனையில், 2000 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பெட்டி. வாட் என்பது கருவி விழுங்கும் மின்சாரத்தின் அளவேயன்றி உறிஞ்சும் வலுவின் அளவு அன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டெம்பரில் வீட்டுத் தூசுறிஞ்சிகளுக்கு 900 வாட் என வரம்பிட்டது. அதனால் அங்குள்ள வீடுகள் குப்பைமேடாகிவிடவில்லை. நமது 230 வோல்டில் 2000 வாட் கருவி ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். விடுதிகளின் பின்புறத்தில் சாரதிகளுக்கென ஒதுக்கும் அறையில் இருப்பது பழைய 5 அம்பியர் உருண்டைத் துளை என்றால், அதில் இதைச் செருகுவது ஆபத்து.

என் தெரிவு, ஈரத்தையும் உறிஞ்சக்கூடிய சிறிய வாளி வகை. 1000 வாட் அளவு போதும். கண்டியில் இரு பருவமழைகளும் பெய்யும். நனைந்த கம்பளம் லேசில் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். சாதாரணப் பை வகையால் தண்ணீரை இழுத்தால் மோட்டார் பழுதாகும். வாளி வகையிலும் ஈரம் இழுக்குமுன் தூசுப் பையைக் கழற்றிவிட்டு, அதற்குரிய நுரைவடியை மாட்டவேண்டும். ஆசன அடிச்சட்டங்களுக்குள் நுழையும் ஒடுங்கிய முனை இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். குப்பை முழுவதும் சேர்வது அங்கேதான்.

கருவியை முதலாளி வாங்கிக் கொடுத்துவிடுவார். துப்புரவாக்கும் நேரத்துக்குக் கூலி கொடுப்பவர் அரிது. பயணிகளை இறக்கிவிட்டு இரவு ஒன்பது மணிக்கு மேல் சாரதி அதைத் தன் தூக்கத்திலிருந்துதான் எடுக்கிறார். அந்த ஒரு மணித்தியாலத்தையும் வாடகையில் சேர்த்துக் கணக்கிடுவதே முறை.

தும்புத்தடியையும் எறிந்துவிடாதீர்கள். 2022 மார்ச் 31 அன்று பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தபோது வேலை செய்தது அதுதான். இயலுமானால் கம்பளத்தையே கழற்றிவிட்டு ரப்பர் விரிப்புப் போடுங்கள். வெளியே எடுத்து உதறி, கழுவி, வெயிலில் காயவிடலாம்.