தகவல் முறைமைத் துறைக்கு மருந்து கடையில் உள்ளது

உயர்தரப் பரீட்சை முடிந்த பிள்ளைக்குப் பட்டப்படிப்புத் தேடும் பெற்றோர் 'தகவல் முறைமை' என்ற பெயரைக் கண்டதும் தயங்குகின்றனர். கணனி விஞ்ஞானமுமல்ல, முகாமைத்துவமுமல்ல, இதைப் படித்து என்ன பயன் என்பது அவர்களது கேள்வி. அத்துறைப் பேராசிரியர்களையும் இதே கேள்வி வாட்டியிருக்கிறது.

1968 இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கோர்டன் டேவிஸ் ஆரம்பித்தது இத்துறையின் முன்னோடிக் கற்கைநெறிகளுள் ஒன்று. 2000 இல் இணையக் கம்பனிகள் சரிந்ததைத் தொடர்ந்து அந்நாட்டில் மாணவர் தொகை வீழ்ந்தது. 2003 இல் பென்பசாட், ஸ்மட் ஆகிய பேராசிரியர்கள் தமது துறை அடையாள நெருக்கடியில் இருப்பதாக எழுதினர். ஆய்வுகள் மையப்பொருளை விட்டு விலகிச் செல்கின்றன என்பது அவர்களது கவலை.

இந்நோய்க்கு மருந்து கடையில் இருக்கிறது என்பதே எமது கருத்து.

ஒரு ஹாட்வெயார் கடையை எடுத்துக்கொள்வோம். கணனியில் சீமெந்து 40 மூடை, களஞ்சியத்தில் 31. மென்பொருளில் பிழையில்லை. முதலாளி கடனுக்குக் கொடுத்த 9 மூடைகள் கொப்பியில் மட்டுமே பதியப்பட்டுள்ளன. இதைத் திருத்தப் புதிய கணனி தேவையில்லை. யார், எதை, எப்போது பதிவது என்று ஒழுங்கு செய்யத் தெரிந்தவரே தேவை. தகவல் முறைமைப் பட்டதாரியின் வேலை அதுதான். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட இன்றும், பதியப்படாத கடனை எந்த இயந்திரமும் கண்டுபிடித்துத் தராது. கடனை எழுதி வைக்குமாறு பணிக்கும் சூரா அல்பகராவின் 282 ஆவது வசனத்தை அறிந்த எமக்கு இது புதிய விடயமுமல்ல.

கொழும்பு, சப்ரகமுவ பல்கலைக்கழகங்களில் இத்துறை கற்பிக்கப்படுகிறது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவத்துடன் தகவல் தொழில்நுட்பம் கற்கலாம். இம்மாணவர்கள் செயற்றிட்டத்துக்கு இடம் கேட்டு வந்தால், வியாபார இரகசியம் வெளியாகிவிடும் என்று எம்மவர் பலர் அஞ்சுகின்றனர். அச்சம் நியாயமானதே. ஆனால் இலாபக் கணக்கைக் காட்ட வேண்டியதில்லை. சரக்கு வருவதும் போவதும் கடன் பதிவதும் எப்படி என்று காட்டினால் போதும். இரகசியம் பேணுவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

பல்கலைக்கழகங்களும் பெரிய கம்பனிகளை மட்டும் உதாரணம் காட்டாது, புறக்கோட்டைக்கும் கல்முனைக்கும் மாணவரை அனுப்ப வேண்டும். கடைக்கு வராத துறை மெலிந்துபோகும். அதற்குக் கதவடைக்கும் கடையில் சரக்குக் கணக்கு என்றும் சரிவராது. வர்த்தக சங்கங்கள் இவ்வருடமே முன்வந்து ஒரு பீடத்துடனாவது பேசட்டும்.