நாடகக் காதலும் ஒரு நாடகமும்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ‘நட்சத்திரம் நகர்கிறது’ படத்தை மறுபடியும் போட்டோம். எட்டு மணிக்குப் படம் முடிந்தது. பத்து மணி ஆகியும் பேச்சு பூனையை விட்டு நகரவில்லை. பூனை யார்? நாடகத்தின் நடுவே கதாயுதத்தோடு ஏறி மேடையை உடைக்கிறவன் அனுமனா, சங்கியா, ஊர்ப் பெரிய மனுஷனா? ஒரு தம்பி காட்சிக்குக் காட்சி ரெனேயின் உடை நிறங்களைக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். கேட்கச் சுவையாகத்தான் இருந்தது. நானும் சேர்ந்து பேசினேன். வண்டியில் வீடு திரும்பும்போதுதான் கோபம் வந்தது, முதலில் என் மேலேயே.

2022 ஆகஸ்ட் 31இல் வெளியான படம் அது. காதலைச் சொல்ல ரஞ்சித்துக்கு ஒரு நாடகக் குழு எதற்கு? நான் புரிந்துகொண்டது இது: ‘நாடகக் காதல்’ என்ற சொல்லுக்குப் பதில். 2012 நவம்பர் 7இல் தர்மபுரியில் நத்தம் காலனியும் பக்கத்துச் சேரிகளும் எரிந்தன. தலித் பையன்கள் ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டு மயக்குகிறார்கள், காதலிப்பதுபோல் நடிக்கிறார்கள் என்று ராமதாஸ் ஊர் ஊராகப் பேசினார். 2013 ஜூலை 4இல் இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார். எங்கள் காதலை நாடகம் என்றாய் அல்லவா, இதோ நாடகமாகவே போடுகிறோம், உட்கார்ந்து பார் என்கிறது படம். அதையும் பார்க்க விடாமல்தான் கதாயுதம் வருகிறது. இதற்கு மேல் அவனுக்கு ஒரு குறியீடு எதற்கு?

நம் மாவட்டத்துத் திருவிழாக்களில் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நடக்கிறது. வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாகத் தள்ளாடுகிறான். அதுவும் போதாதென்று அண்ணன் யானையாக வந்து அந்தப் பெண்ணைப் பயமுறுத்துகிறான். நாடகக் காதல் என்றால் இதுதானே? யாரும் எரிக்க வரவில்லை, மொய் எழுதுகிறார்கள். ஏமாற்றுகிறவன் சாமி. குறவர் வீட்டில் வளர்ந்த வள்ளியையும் திருமாலின் மகள் என்று கந்தபுராணம் முன்கூட்டியே சரிசெய்துவிட்டது.

இன்னொரு வியாக்கியானம் என்னைக் கூடுதலாக உறுத்துகிறது. படத்தின் உண்மையான நாயகன் அர்ஜுன்தானாம், ஏனென்றால் அவன்தான் மாறுகிறானாம். குடித்துவிட்டு ரெனேயிடம் அத்துமீறியவன் அவன். வெளியே அனுப்பச் சொன்னார்கள். ரெனே ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். அது அவள் முடிவு, அவளுடைய தெம்பு. அதை எடுத்துவைத்துக்கொண்டு தலித் பெண்கள் மன்னிக்கப் பழக வேண்டும் என்று வகுப்பெடுக்காதீர்கள். ஆதிக்கசாதிப் பையன் மனிதனாவதற்கு நம் வீட்டுப் பெண்தான் பாடப் புத்தகமா? இதை நம் தோழர்களே சொல்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

மேடைக்கு வெளியே கதாயுதம் ஓயவில்லை. 2025 ஜூலை 27இல் நெல்லையில் கவின் வெட்டிக் கொல்லப்பட்டார். ஐ.டி.யில் வேலை, நல்ல சம்பளம். படித்து மேலே வந்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம் பெற்றோர் நம்பியதும் அன்று வெட்டுப்பட்டது. மறுநாளே நம்மில் பலர் படத்தின் காட்சிகளை வெட்டி ரீல்ஸ் போட்டோம்.

2018 மார்ச் 27இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும், அதில் எஸ்.பி., மாவட்ட சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் இருக்க வேண்டும், 24 மணி நேர உதவி எண் வேண்டும் என்றது. மாவட்டத் தலைநகரங்களில் பாதுகாப்பு இல்லம் அமைப்பதையும் பரிசீலிக்கச் சொன்னது. இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் போன் செய்து “அக்கா, பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம், எங்கே போவது” என்று கேட்டால் உங்களில் எத்தனை பேரால் அந்த எண்ணைச் சொல்ல முடியும்? அன்று கூடியிருந்தவர்களிடம் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பூனைக்கு ஒன்பது விளக்கம் சொன்னவர்கள்.

அடுத்த ஞாயிறு அதே இடத்தில் கூடுகிறோம். புதுக்கோட்டையில் அந்தத் தனிப்பிரிவு எங்கே உட்காருகிறது, இதுவரை எத்தனை மனு வந்திருக்கிறது, இல்லம் எந்தத் தெருவில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறோம். மனு எழுதத் தெரிந்தவர்கள் கட்டாயம் வாருங்கள், தெரியாதவர்கள் பேனாவோடு வாருங்கள். எழுதி முடித்த பிறகு நேரம் இருந்தால் பூனையைப் பற்றிப் பேசலாம்.