இரிடியம் பிளக் போட்டால் மைலேஜ் கூடுமா? ஆளை விடுங்க சாமி!

"மச்சி, இரிடியம் பிளக் போட்டுட்டேன். வண்டி சும்மா பிச்சிக்குது. மைலேஜ் பத்து ஏறிடுச்சு!"

கிளாஸில் வாரத்துக்கு ஒருத்தன் இதைச் சொல்கிறான். சொல்லட்டும், அவன் அப்பா காசு. ஆனால் எங்கள் கூரத்தில் இருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட்டுக்கு ஓடுகிற அண்ணன்களும் இதை நம்பி, பழைய ஸ்பிளெண்டருக்குச் சாதாரண பிளக்கைப் போல ஐந்தாறு மடங்கு விலை கொடுக்கிறார்கள். அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

(பல்லவர் செப்பேடு கிடைத்த ஊர்க்காரன், அதான் காப்பர் பிளக்குக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று நினைக்க வேண்டாம். காப்பர் பிளக்கில் செம்பு உள்ளே இருப்பது சூட்டைக் கடத்த. பொறி பறக்கிற முனை நிக்கல் கலவை.)

இரிடியத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கு. நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகும், இரிடியம் 2,446 டிகிரி வரை தாங்கும். அதனால் முனையை 0.6 மி.மீ., சிலவற்றில் 0.4 மி.மீ. அளவுக்கு மெலிதாகச் செய்யலாம். முனை மெலிந்தால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாவும், சீக்கிரம் தேயாது. பிளக்கைக் கழற்றவே பாதி எஞ்சினைப் பிரிக்க வேண்டிய கார்களுக்கு இது வரம். 100 சிசி வண்டியில் பிளக்கைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிடம்.

பிளக்கின் வேலை பற்றவைப்பது. அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்தாலும் லைட்டரால் பற்றவைத்தாலும் சோறு ஒரே நேரத்தில்தான் வேகும். ஒழுங்காக ஓடும் எஞ்சினில் எரியாமல் தப்பிக்கிற பெட்ரோலே நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அதிலும் பெரும்பகுதி பிஸ்டன் ரிங் இடுக்கில் ஒளிந்துகொள்வது, எந்தப் பிளக்கின் பொறியும் அங்கே எட்டாது. மிச்சம் வீணாவதெல்லாம் சைலன்சரிலும் எஞ்சின் சூட்டிலும். அதை எந்த உலோக முனை பிடித்துத் தரும்?

பி.காம். படிக்கிறவன் கணக்குப் போடாமல் விட முடியுமா? லிட்டருக்கு 60 கி.மீ. ஓடும் வண்டி, 9,000 கி.மீ.க்கு 150 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 15,000 ரூபாய். பிளக்குக்குக் கூடுதலாகக் கொடுத்த 500 ரூபாய் திரும்பி வரவே 5 லிட்டர் மிச்சமாக வேண்டும், அதாவது 3 சதவீதத்துக்கும் மேலே. இரட்டிப்பு நாள் உழைக்குமே என்பீர்கள். சரி, இரண்டு சாதாரண பிளக் 200 ரூபாய், ஒரு இரிடியம் 600 ரூபாய். அப்பவும் 400 ரூபாய் நஷ்டம்தானே?

பொறியை வைத்து நிஜமாகவே பெட்ரோல் மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பஜாஜ் 2003இல் பல்சரில் டிடிஎஸ்-ஐ கொண்டுவந்தது. ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். பெட்ரோல் குறைவாகக் கலந்த காற்று மெதுவாக எரியும். இரண்டு பக்கமும் பற்றவைத்தால் நெருப்பு போகவேண்டிய தூரம் குறையும், அதுதான் சூட்சுமம். 2007இல் ஓசூர் டிவிஎஸ் இரண்டு பிளக்கோடு ஃபிளேம் வண்டியை அறிவித்ததும் பேட்டண்ட் சண்டை வெடித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2008 பிப்ரவரியில் இடைக்காலத் தடை போட்டது, ஃபிளேம் ஒற்றைப் பிளக்கோடு வந்தது. 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்க, செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2019இல்தான் சமரசம். இவ்வளவு சண்டையும் எத்தனை பிளக், சிலிண்டரில் எங்கே என்பதற்காக. முனை என்ன உலோகம் என்று யாரும் அடித்துக்கொள்ளவில்லை! மைலேஜ் வேண்டுமென்றால் எஞ்சினையே மாற்றி வடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

"அப்போ எனக்கு பிக்கப் ஏறினது பொய்யா?" பொய் இல்லை. நீங்கள் கழற்றிப் போட்டது முனை மழுங்கி, இடைவெளி அகன்ற பழைய பிளக். அந்த இடத்தில் எந்தப் புதுப் பிளக்கைப் போட்டாலும் வண்டி பறக்கும். போதாததற்கு அன்றைக்கே மெக்கானிக் அண்ணன் ஏர் ஃபில்டரைத் தட்டி, கார்புரேட்டரைக் கழுவி, டேப்பட் அட்ஜஸ்ட் செய்திருப்பார். வேலை செய்தவர் அவர், பெயர் வாங்கியது இரிடியம் :-)

மேனுவலிலேயே இரிடியம் என்று போட்டிருந்தால் தாராளமாகப் போடுங்கள், அந்த எஞ்சின் அதற்காகச் செய்தது. மற்றவர்கள் மேனுவலில் சொன்ன நம்பர் பிளக்கை வாங்கி, 0.6 முதல் 0.7 மி.மீ. என்று இருந்தால் அந்த இடைவெளியை ஃபில்லர் கேஜ் விட்டுப் பார்த்துப் போட்டால் போதும்.

இன்னும் நம்பாத சிங்கங்களுக்கு ஒரு சவால். புதுச் சாதாரண பிளக் போட்டு இரண்டு டேங்க், பிறகு இரிடியம் போட்டு இரண்டு டேங்க். அதே பங்க், அதே ரோடு, நடுவில் சர்வீஸ் கூடாது. பில்லோடு வாங்க, கேன்டீனில் டீ என் செலவு.