ஆட்டம் யாருடையது?

கொரியாவின் கே-பாப் பாட்டு ஒன்று வெற்றி பெற்றால் மேடையில் ஆடும் முகங்கள்தான் நமக்கு நினைவிருக்கும். அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் யார்? பெரும்பாலும் தெரியாது. சியோலின் ஒன் மில்லியன் நடனக்கூடமும் அதை நிறுவியவர்களில் ஒருவரான லியா கிம்மும் இதில் விதிவிலக்கு. வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைப் படம்பிடித்து யூடியூபில் போட்டே உலகப் பெயர் வாங்கியவர்கள் இவர்கள். பெரிய அரங்கமெல்லாம் இல்லை. ஒரு கூடம், வியர்த்து நிற்கும் மாணவர்கள், அவ்வளவுதான். 2016இல் ட்வைஸ் குழுவின் 'டிடி' பாட்டில் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் நீட்டிக் கண்ணுக்குக் கீழே வைத்துக் கண்ணீராகக் காட்டுவார்களே, அந்தப் பாட்டுக்கு நடனம் அமைத்ததில் லியாவுக்குப் பங்குண்டு. மறு ஆண்டு பாடகி சன்மியின் 'கஷினா'வில் விரலையே துப்பாக்கியாக நீட்ட வைத்தவரும் அவர்தான். பள்ளிப் பிள்ளைகள்வரை அதை ஆடித் தீர்த்தார்கள். ஆனால் கொரியாவில் நடன அமைப்பாளருக்குப் பெரும்பாலும் ஒருமுறைக் கூலியோடு கணக்கு முடிந்துவிடுகிறது. பாடலாசிரியருக்கோ பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் பங்கு வருகிறது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. பாதி ரசிகர்கள் பாட்டைப் பார்ப்பதே அந்த ஆட்டத்துக்காகத்தானே!