பதற்றமும் இனமும்: விமானப் பாதுகாப்பில் பிரித்தறிய வேண்டியவை

தீய நோக்கத்துடன் விமானம் ஏறும் ஒருவரை அவரது நடத்தையைக் கொண்டே இனங்கண்டுவிடலாம் என்னும் நம்பிக்கை, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்க விமான நிலையங்களில் பெருந்திட்டமாக வளர்ந்தது. பயணியின் முகக்குறி, உடலசைவு, பதற்றம் ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டு, அப்புள்ளிகள் ஒரு வரம்பைத் தாண்டும்போது அவரைத் தனியே அழைத்துச் சோதிக்கும் இம்முறை 'நடத்தை அவதானிப்பு' எனப்படும். அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2007 முதல் இதனை நாடளவில் நடைமுறைப்படுத்தியது.

அரசுச் செலவினங்களைத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2013இல் இத்திட்டத்தை ஆராய்ந்தபோது, அதுவரை சுமார் 90 கோடி டாலர் செலவாகியிருந்தது. நானூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அந்த அலுவலகம், நடத்தைக் குறிகளைக் கொண்டு பொய்யைக் கண்டறியும் மனிதத் திறன் தற்செயல் ஊகத்துக்குச் சமமானது அல்லது அதைவிடச் சற்றே மேலானது என்று அறிவித்தது. திருத்தியமைக்கப்பட்ட 36 குறிகளில் 28க்கு ஏற்கத்தக்க சான்று ஏதும் இல்லை என்பது 2017இல் வெளிப்பட்டது.

சான்றில்லாத குறிகள் பணத்தை வீணாக்குவதோடு நிற்பதில்லை. முதன்முறை விமானம் ஏறுபவரும், மொழி தெரியாதவரும், முன்னர் பலமுறை தடுத்து விசாரிக்கப்பட்டவரும் பதற்றமடைவது இயல்பு என்பதால், எந்தப் பதற்றத்தை ஐயத்துக்குரியதாகக் கொள்வது என்ற முடிவு அலுவலரின் முன்முடிவுக்கே விடப்படுகிறது. இனம் அங்கேதான் நுழைகிறது. பாஸ்டன் நகரின் லோகன் விமான நிலையத்தில் பணிபுரிந்த நடத்தை அவதானிப்பு அலுவலர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர், தம் சகாக்கள் கறுப்பினத்தவரையும் மத்திய கிழக்கைச் சேர்ந்தவரையும் இலத்தீன் அமெரிக்க வழியினரையும் குறிவைக்கின்றனர் என 2012இல் தாமே முறையிட்டது இதற்குச் சான்றாகும்.

தாக்குதல் நடத்துவோர் பெரும்பாலும் குறிப்பிட்ட சமூகங்களிலிருந்தே வருகின்றனர் என்றால் அவர்களை மட்டும் கூடுதலாகச் சோதிப்பதில் தவறென்ன என்று கேட்போர் உண்டு. ஆனால் 1972 மே மாதம் இஸ்ரேலின் லோட் விமான நிலையத்தில் 26 பேரைக் கொன்ற மூவர் ஜப்பானியர். 2001 டிசம்பரில் காலணிக்குள் வெடிபொருளுடன் பாரிஸில் விமானம் ஏறியவர் பிரிட்டன் குடிமகன். எந்த அடையாளத்தைக் காவல் தேடுகிறதோ அந்த அடையாளம் இல்லாதவரை எதிரி அனுப்புவான் என்பதை இவை உணர்த்துகின்றன. 2010 ஜனவரியில் 14 நாடுகளைப் பட்டியலிட்டு அந்நாட்டுப் பயணியரைக் கடுமையாகச் சோதிக்க முற்பட்ட அமெரிக்காவும், ஏப்ரலுக்குள் அதைக் கைவிட்டு, குறிப்பிட்ட உளவுத் தகவலின் அடிப்படையிலான தேர்வுக்கு மாறியது.

கணக்கும் இதையே சொல்கிறது. பத்து லட்சம் பயணியரில் ஒருவரே தீயவர் எனவும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொல்லும் ஒரு சோதனை இருப்பதாகவும் கொண்டால்கூட, ஏறத்தாழ பத்தாயிரம் அப்பாவிகள் தடுத்து நிறுத்தப்படுவர். ஐயத்தின் அளவுக்கு நேர்விகிதத்தில் ஆட்களைத் தேர்ந்து சோதிப்பது, அதே அப்பாவிகளையே மீண்டும் மீண்டும் சோதிக்கச் செய்வதால், கண்மூடித் தேர்ந்தெடுப்பதைவிட எவ்விதத்திலும் சிறந்ததல்ல என ஆய்வாளர் வில்லியம் பிரெஸ் 2009இல் கணித வழியில் நிறுவினார்.

பயணியரைக் கேள்வி கேட்டு ஆராயும் இஸ்ரேலிய முறையைப் போற்றுவோர் 1986 ஏப்ரல் 17 அன்று லண்டன் ஹீத்ரோவில் நிகழ்ந்ததைச் சுட்டுவர். அங்கு டெல் அவிவ் விமானத்தில் ஏறவிருந்த, கர்ப்பிணியான அயர்லாந்துப் பெண்ணின் பையில் காதலன் அவரறியாமல் மறைத்திருந்த வெடிபொருளை இஸ்ரேலிய விமான நிறுவனமான எல் அல்லின் காவலர்கள் கண்டுபிடித்தனர். இஸ்ரேலின் அரபுக் குடிமக்கள் கூடுதல் விசாரணைக்கு ஆளாகும் குறை அம்முறையில் இன்றும் உள்ளது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் அன்று விமானத்தைக் காத்தது இனக் கணிப்பன்று. பயண நோக்கத்தைக் கேட்டறிந்த கேள்விகளும் பையைத் திறந்து பார்த்த கவனமுமே.

ஆகவே, எந்தப் பயணியையும் தனியே அழைக்கும் அலுவலர், அதற்கான காரணத்தைச் சரிபார்க்கத்தக்க ஒரு செயலாகவோ பொருளாகவோ எழுத்தில் பதிவுசெய்தல் வேண்டும். அப்பதிவுகள் இனவாரியாகத் தணிக்கைக்கு உட்படவும் வேண்டும். காரணத்தை எழுத இயலாத ஐயம் பாதுகாப்பாகாது என்பதைப் பயிற்சியின் முதல் பாடமாக்குமாறு இத்துறையினரை இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது.