பொதுப் பணமும் பூட்டிய விஞ்ஞானமும்

இந்திய சர்க்காரின் மந்திரிசபை 2024ம் வருஷம் நவம்பர் 25ந் தேதி ‘ஒரே தேசம், ஒரே சந்தா’ என்னும் திட்டத்தை அங்கீகரித்தது. 2025 முதல் 2027 முடிய மூன்று வருஷங்களுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பிரசுரகர்த்தர்களின் ஏறக்குறைய 13,000 சஞ்சிகைகளுக்கு மொத்தமாகச் சந்தா செலுத்தி, சர்க்காரைச் சார்ந்த 6,300க்கு மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி ஸ்தாபனங்களுக்கு அவற்றைத் திறந்துவிடுவதே அதன் சாரம். 1.8 கோடிப் பேர் பயனடைவர் என்பது அதிகாரிகளின் கணக்கு. பெரிய ஸ்தாபனங்களுக்கு மட்டுமே கிட்டிவந்த விஞ்ஞானக் கட்டுரைகள் இனிச் சிற்றூரிலுள்ள சர்க்கார் கல்லூரிக்கும் கிட்டும். அந்த அளவில் இத்திட்டத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் பணம் யாருடையது, பண்டம் யாருக்குப் போகிறது என்று விசாரிக்க ஜனங்களுக்கு உரிமை உண்டு.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைப் பிரதேசத்தைச் சேர்ந்த மண்ணூரை எடுத்துக்கொள்வோம். மோட்டார் வண்டியும் கண்ணாடியும் கைபேசியும் செய்யும் ஆலைகள் நிறைந்த பிரதேசம் அது. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியும் அதிக தூரத்தில் இல்லை. அவ்வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் மிகப் பல தனியாருடையவை. திட்டத்தின் முதற்கட்டத்தில் அவற்றுக்கு இடமில்லை. சொந்தப் பட்டறை நடத்துபவருக்கும், தனியாக வைத்தியம் செய்யும் டாக்டருக்கும், தொழிற்சங்கக் காரியதரிசிக்கும் அக்கட்டத்தில் இடமில்லை. அந்த ஏரி நீரைப் பற்றியோ ஆலைத் தூசியைப் பற்றியோ சர்க்கார் மானியம் பெற்று ஒருவர் ஆராய்ந்து எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்நீரைக் குடிப்பவனும் அத்தூசியைச் சுவாசிப்பவனும் அக்கட்டுரையைப் படிக்க விரும்பினால், பல சஞ்சிகைகளில் ஒரே கட்டுரைக்கு 2,000, 3,000 ரூபாய் என்று கேட்பார்கள். தீப்பெட்டி வாங்கும்போதுகூட வரி செலுத்துகிறவன் அவன். அந்த ஆராய்ச்சிக்கு முன்னமே ஒருமுறை பணம் கொடுத்தாயிற்று! குருவிடம் பெற்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின்மீது ஏறி நின்று யாவரும் கேட்கச் சொன்னார் என்று வைணவ மரபு போற்றும் ராமாநுஜர் பிறந்தது இந்த ஸ்ரீபெரும்புதூரில்தான்.

விஞ்ஞானப் பிரசுர வியாபாரத்தின் விசித்திரம் நம்மவரில் பலர் அறியாதது. ஆராய்ச்சிக்குப் பணம் தருவது பெரும்பாலும் பொதுக் கஜானா. கட்டுரையை எழுதுபவர் விஞ்ஞானி; அதற்கு அவருக்குச் சன்மானம் இல்லை. அது பிரசுரிக்கத் தக்கதா என்று பரிசீலிப்பவரும் மற்றொரு விஞ்ஞானியே. அவருக்கும் அனேகமாக ஒன்றும் கிடையாது. பதிப்புரிமையைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த பிறகு, அதே விஞ்ஞானி வேலை செய்யும் கலாசாலை அதே கட்டுரையை விலை கொடுத்து வாங்குகிறது. நெல்லும் உழைப்பும் நம்முடையவை. களத்துமேட்டு வாடகை மாத்திரம் விளைச்சலை மிஞ்சுகிறது. எல்ஸெவியர் கம்பெனியை உடைய ரெலெக்ஸ் ஸ்தாபனம், தன் விஞ்ஞானப் பிரசுரப் பிரிவில் 2023ல் வரவில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 வீதம் லாபம் கண்டது. எந்த நெசவாலை முதலாளி அப்படி ஒரு லாபத்தைக் கனவிலேனும் கண்டிருப்பார்?

இதை முதலில் உரக்கக் கண்டித்தவர்களில் உயிரியல் விஞ்ஞானிகள் முக்கியமானவர்கள். அமெரிக்காவில் ஹெரால்ட் வார்மஸ், பாட்ரிக் பிரௌன், மைக்கேல் ஐஸன் ஆகிய மூவரும் 2000ல் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டனர். ஆறு மாதத்துக்குள் கட்டுரைகளை இலவசமாகத் திறந்துவிடாத சஞ்சிகைகளுக்கு இனி எழுதுவதில்லை என்பது அதன் பிரதிக்ஞை. பல தேசங்களிலிருந்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். இட்டவர்களில் பெரும்பாலோர் பழைய சஞ்சிகைகளுக்கே எழுதிக்கொண்டும் இருந்தனர். பிரதிக்ஞை செய்து மறப்பது நம் அரசியல்வாதிகளுக்கு மட்டும் உரிய குணமல்ல போலும். ஆகவே மூவரும் 2003ல் சொந்தமாகவே ஒரு சஞ்சிகையைத் தொடங்கினர். வாசகருக்கு அது இலவசம். செலவு எழுதுபவர் பொறுப்பு. கம்பெனிகள் அந்த வழியையும் லாபமாக்கிக்கொண்டன. ‘நேச்சர்’ சஞ்சிகை 2021 முதல் திறந்த பிரசுரத்துக்காக ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ, அதாவது 8 லட்சம் ரூபாய்க்கு மேல், கேட்கலாயிற்று. இந்தக் கட்டணத்துக்கு உதவவும் நமது சர்க்கார் வருஷத்துக்கு 150 கோடி ரூபாய் ஒதுக்குகிறது. படிக்கவும் நாமே கொடுப்பது, எழுதவும் நாமே கொடுப்பது!

திறந்த அறிவு ஏழைக்கு என்ன செய்யும் என்று ஏளனமாகக் கேட்போர் உண்டு. அவர்கள் புதுச்சேரிக் கடற்கரையைப் பார்க்கட்டும். கும்பகோணத்தில் பிறந்த தாவரவியல் நிபுணர் எம். எஸ். சுவாமிநாதனின் சென்னை ஸ்தாபனம், 1998 முதல் அப்பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களை ஏற்படுத்தியது. அமெரிக்கக் கடற்படை யாவருக்கும் திறந்து வைத்திருந்த அலை உயரக் கணிப்பை எடுத்து, வீராம்பட்டினத்துச் செம்படவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். அதைக் கேட்டே படகை இறக்கலாமா என்று அவர்கள் முடிவு செய்தனர். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்த காலையில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு டெலிபோன் செய்தியை நல்லவாட்டில் இதே போன்ற ஒலிபெருக்கி ஊராருக்கு அறிவித்தது, ஊரார் தப்பினர். அந்த அலைக் கணிப்புக்குச் சந்தா கேட்டிருந்தால் வீராம்பட்டினம் எங்கே போயிருக்கும்?

2025 ஆகஸ்டில் டில்லி ஹைகோர்ட், உரிமையின்றிக் கட்டுரைகளை வழங்கிவந்த ‘ஸை-ஹப்’ தளத்தைத் தடுக்க உத்தரவிட்டது. கோர்ட்டார் சட்டத்தைப் பார்த்தனர், குறை கூறுவதற்கில்லை. பின்வாசலை அடைத்தவர்கள் முன்வாசலைத் திறக்க வேண்டாமா என்பதே நம் கேள்வி. புதுச்சட்டம் ஒன்றும் தேவையில்லை. தங்கள் மானியத்தில் விளைந்த கட்டுரைகளைப் பொது சேமிப்பகத்தில் வைக்க வேண்டுமென விஞ்ஞான இலாகாவும் உயிர்த்தொழில்நுட்ப இலாகாவும் 2014 டிசம்பரிலேயே விதித்துள்ளன. வைக்காதவருக்கு அடுத்த மானியம் இல்லை என்று சொல்லும் துணிவுதான் வேண்டும். நம் நாட்டில் சஞ்சிகை நடத்தத் தெரியாது என்பதும் வீண் பேச்சு. ராமன் தமது கண்டுபிடிப்பை 1928ல் கல்கத்தாவில் அச்சான இந்தியச் சஞ்சிகையிலேயே வெளியிட்டார். 1930ல் நோபல் பரிசு வந்தது. மும்பையின் மெட்நோ ஸ்தாபனம் வாசகரிடமும் எழுதுவோரிடமும் கட்டணம் வாங்காமல் பல வைத்திய சஞ்சிகைகளை நடத்திக் காட்டிற்று. 2011ல் அதை அந்நியக் கம்பெனி ஒன்று வாங்கியபோது தடுக்கவோ தாங்கவோ யாருமில்லை. பிரேசில் தேசத்தார் பொதுப் பணத்தைக்கொண்டு 1990களின் இறுதியிலிருந்து ‘ஸைலோ’ என்னும் இலவசத் தொகுதியை நடத்தி வருகின்றனர். 6,000 கோடியில் ஒரு சிறு பங்கேனும் அவ்வழியில் செலவிடலாகாதா?

சந்தா ஒப்பந்தம் 2027 டிசம்பருடன் முடிகிறது. மறுபடி கையொப்பம் இடுமுன், பொது நூலகங்களையும் அதில் சேர்க்குமாறு தமிழ்நாட்டுப் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் இப்போதே வற்புறுத்த வேண்டும். மண்ணூரில் வீட்டுவரி கட்டுகிறவர் அதனுடன் நூலக வரியும் கட்டுகிறார். அந்த ரசீதைக் காட்டி அவர் தம் ஊருக்கு அருகிலுள்ள நூலகத்தில் அமர்ந்து, தம் ஏரியைப் பற்றிய கட்டுரையைப் படிக்கும் ஷரத்து புதிய ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்று கோருகிறோம்.