முதல் பயிரும் அடுத்த ஐந்தும்

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருளாளர்கள் கூடி வெளியிட்ட அறிக்கையே இன்று 'அஜைல்' என்று புழங்கும் முறைக்குப் பெயர் தந்தது. அதன் சாரம் எளியது: கொஞ்சம் செய், பயன்படுத்துபவரிடம் காட்டு, திருத்திக்கொள். தொழிலை அறிந்தவரும் நிரல் எழுதுபவரும் நாள்தோறும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பது அதன் கொள்கைகளுள் ஒன்று.

நம் அலுவலகங்களில் இது பெரும்பாலும், காலையில் பதினைந்து நிமிடம் நின்றபடி பேசிக் கலையும் சடங்காகச் சுருங்கிவிட்டது என்பதே எங்கள் எண்ணம். சோதனையாளரும் பேசுகிறார், வடிவமைப்பாளரும் பேசுகிறார். முடிவெடுக்கும் உரிமை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கூட்டுழைப்பு என்பது வேறு. அதற்கு நாங்கள் காட்ட விரும்பும் சான்று தருமபுரி மாவட்டத்தின் வயல்களில் இருக்கிறது. நிரலுக்கும் நிலத்துக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். 2004-05இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அங்கே துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மொத்தம் 1,000 ஏக்கர்; ஆனால் முதலாண்டில் 250 ஏக்கர் மட்டுமே. வறட்சியில் நொந்திருந்த உழவர்கள் தயங்கினார்கள். முதலில் சேர்ந்தவர்களின் விளைச்சலையும் அதற்குக் கிடைத்த விலையையும் கண்ட பிறகு, இரண்டாம் ஆண்டில் 500 ஏக்கருக்கு ஆள் சேர்ந்தது. இத்தனைக்கும் மானியம் 100 விழுக்காட்டிலிருந்து 90ஆகவும், மூன்றாம் ஆண்டில் 80ஆகவும் குறைந்திருந்தது.

எண்களைவிட முக்கியமானது வேலை கைமாறிய விதம். சொட்டுநீர், நீரில் கரையும் உரம், சமுதாய நாற்றங்கால் எனப் பலரின் அறிவு ஒரே வயலில் சேர்ந்தது. முதல் பயிர் முழுக்க விஞ்ஞானிகளின் வழிகாட்டுதலில் விளைந்தது. அடுத்த ஐந்து பயிர்களையும் உழவர்களே எடுத்தார்கள். விற்பனைக்காக அவர்களே சங்கமாகத் திரண்டார்கள்.

வீரிய விதையையும் உரத்தையும் நம்பிய இவ்வேளாண்மை குறித்து நமக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். அது தனியே பேசவேண்டியது. இங்கே நாம் கற்கவேண்டியது ஒன்றுதான். அறிந்தவர் முதல் பயிரில் உடன் நிற்க வேண்டும். இரண்டாம் பயிரில் கையை எடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கையை எடுக்க மனமில்லாதவர்கள் நாள்தோறும் கூடி நிற்பதற்குக் கூட்டம் என்று பெயர் சொல்லலாம், கூட்டுழைப்பு என்று சொல்ல முடியாது.